மடியா, கார் சீட்டா? பழைய ஹேட்ச்பேக்கில் பதினோரு மாதக் குழந்தைக்குச் சீட் பொருத்துவது பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மகளுக்குப் பதினோரு மாதம், எடை எட்டரைக் கிலோ. வண்டி 2015 மாடல் ஹேட்ச்பேக், அதில் ஐசோஃபிக்ஸ், அதாவது குழந்தை சீட்டை மாட்ட வண்டியிலேயே வரும் கம்பி, இல்லை என்று நினைக்கிறீர்கள். மாதம் ஒருமுறை கோவையிலிருந்து திருநெல்வேலி போய் வருகிறீர்கள். எந்தக் கார் சீட் நல்லது, முன்னால் பார்த்து வைப்பதா பின்னால் பார்த்து வைப்பதா, துபாயில் இருக்கும் நாத்தனார் தன் பழைய சீட்டைத் தருகிறேன் என்கிறாரே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "நாலு பிள்ளைகளை மடியில் வைத்தே ஊர் ஊராகப் போனோம், இதெல்லாம் வெட்டிச் செலவு என்கிறார் மாமியார்." அந்தக் கடைசி வரிக்குப் பதில் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், சீட் வாங்கி டிக்கியில் கிடக்கும், குழந்தை மடியில்தான் போகும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் டாக்டரோ இன்ஜினியரோ இல்லை. ஒரு டீலர் ஒர்க்‌ஷாப்பில் ஐந்து வருடம், அப்புறம் சொந்தமாகச் சீட் கவர், ஆக்சஸரீஸ் கடை பதினாறு வருடம். குழந்தை சீட்டுகளைப் பொருத்தியும், தப்பாகப் பொருத்தியதைக் கழற்றித் திரும்பக் கட்டியும் கற்றுக்கொண்டதுதான் இது.

மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் அம்பாசடரும் பியட்டும் நாற்பது, ஐம்பதில் போயின, நால்வழிச் சாலையும் இல்லை. ஆனால் அந்த ஐம்பதே போதும் என்பதுதான் சிக்கல். ஐம்பது கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு மரத்திலோ நிற்கிற லாரியிலோ மோதினால், முன்பக்கம் நசுங்கும் அரை மீட்டர் சொச்ச தூரத்துக்குள் வண்டி நின்றுவிடும். பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டுப் பார்த்தால், உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் அதன் எடையைப் போல் சராசரியாகப் பதினாறு மடங்கு விசை முன்னால் இழுக்கிறது. உங்கள் மகளின் எட்டரைக் கிலோ அந்தக் கணத்தில் நூற்று முப்பது கிலோவுக்கு மேல். சிமென்ட் மூட்டை ஐம்பது கிலோ. இரண்டரை மூட்டைக்கு மேல் வருகிறது. எந்தப் பாட்டியின் கையாலும் பிடிக்க முடியாது, எந்தப் பயில்வானாலும் முடியாது. பாட்டி பெல்ட் போடாமல் இருந்தால் அவர் உடம்பும் சேர்ந்து முன்சீட்டுக்கு இடையில் குழந்தையை நசுக்கும். இருவரையும் ஒரே பெல்ட்டுக்குள் போட்டால் இன்னும் மோசம், பெல்ட்டுக்கும் பெரியவர் உடம்புக்கும் நடுவில் குழந்தை மாட்டிக்கொள்ளும். மாமியாரிடம் இதை வாதமாகச் சொல்லாதீர்கள். அதே மோதல் மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் என்று மட்டும் சொல்லுங்கள். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதே ஐம்பது கிலோமீட்டர் வேகம்தான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே குழந்தையை நீட்டிப் பிடிக்க எந்தப் பாட்டியும் சம்மதிக்க மாட்டார்.

முன்னால் பார்த்தா, பின்னால் பார்த்தா என்ற கேள்விக்கு உங்கள் விஷயத்தில் யோசிக்கவே தேவையில்லை. பின்னால் பார்த்துத்தான், அதாவது குழந்தையின் முகம் டிக்கிப் பக்கம். நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் சீட்டுகள் ஈசிஇ ஆர்44 என்ற ஐரோப்பியத் தரத்தில் வந்தவை. அது எடையை வைத்துப் பிரிக்கிறது. 13 கிலோ வரை பின்னால் பார்த்து, 9 முதல் 18 கிலோ வரை முன்னால் பார்த்து. எட்டரைக் கிலோ அந்த ஒன்பதைத் தொடவே இல்லை. ஆர்129 என்ற புதிய தரம், ஐ-சைஸ் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்களே, அது உயரத்தை வைத்துப் பிரிக்கிறது. பதினைந்து மாதம் தாண்டும்வரை முன்னால் பார்க்க வைக்கவே அனுமதிப்பதில்லை. காரணம் தலை. இந்த வயதில் உடம்புக்குத் தலை பெரியது, கழுத்தெலும்பு இன்னும் முழுசாக எலும்பாக இறுகவில்லை. முன்னால் பார்த்து உட்கார்ந்தால் மோதலில் வார்கள் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பாய்ந்து போகும், அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில். பின்னால் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாம் சேர்ந்து சீட்டின் ஓட்டில், அதாவது அதன் கெட்டியான வெளிக்கூட்டில், சாய்ந்துகொள்ளும், விசை முதுகு முழுக்கப் பரவும். ஸ்வீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் 1960களில் இதை முதலில் செய்துபார்த்தார். ராக்கெட் கிளம்பும்போது விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்திருப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. 1964இல் ஒரு வால்வோ காரில் மாதிரிச் சீட்டை வைத்துச் சோதித்தார்கள்.

எத்தனை வயது வரை அப்படியே பின்னால் பார்த்து வைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஒரு வயதுக்குள் என்றால் சந்தேகமே இல்லை. பதினைந்து மாதம் வரை விதியே சொல்கிறது. அதற்கு மேல் நான்கு வயது வரை என்று ஸ்வீடன்காரர்கள் பழகியிருக்கிறார்கள். ஐந்து மடங்கு பாதுகாப்பு என்று பல இடங்களில் நீங்கள் படித்திருக்கலாம். அந்த எண் 2007இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது, அந்த ஆய்வு கணக்கில் பிழை இருந்ததால் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் போட்ட கணக்கில், அடிபட்ட சின்னக் குழந்தைகளின் எண்ணிக்கையே மிகக் குறைவாக இருந்ததால் அறுதியிட்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதனால் அந்த ஐந்து மடங்கை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் கழுத்தும் தலையும் சம்பந்தப்பட்ட காரணம் ஆய்வோடு சேர்ந்து போய்விடவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018இல் "இரண்டு வயது" என்ற எல்லையை எடுத்துவிட்டு, சீட்டு எவ்வளவு எடையும் உயரமும் தாங்குமோ அதுவரை பின்னால் பார்த்தே வையுங்கள் என்று மாற்றிக்கொண்டது. நானும் அதைத்தான் சொல்வேன். கால் மடங்குகிறதே, பாவம் என்பார்கள். குழந்தைகள் தரையில் எப்படி உட்காருகிறார்கள் என்று பாருங்கள், மடங்கிய காலோடுதான். காலை விடுங்கள், தலையைப் பாருங்கள். உச்சந்தலைக்கு மேல் சீட் ஓடு ஓர் அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது இல்லாமல் போகும்போது அந்தச் சீட் அவளுக்குச் சின்னதாகிவிட்டது.

இப்போது உங்கள் வண்டி. ஐசோஃபிக்ஸ் இல்லை என்று "நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பின்சீட்டின் சாய்மானமும் உட்காரும் மெத்தையும் சேருகிற இடுக்கில் விரலை விட்டுத் துழாவிப் பாருங்கள். பென்சில் கனத்தில் வளைந்த இரும்புக் கம்பிகள் ஒரு பக்கத்துக்கு இரண்டு, சுமார் ஒரு ஜாண் தூரத்தில் தட்டுப்பட்டால் அதுதான் ஐசோஃபிக்ஸ். சீட் கவர் போட்ட வண்டி என்றால் கவரைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். ஒரு பாவத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன்: அந்தக் கம்பியை மறைத்து லெதரெட் கவர் தைத்துப் போட்ட வண்டிகள் கோவையில் ஓடுகின்றன, அதில் சில என் கடையில் தைத்தவை. அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடி எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. சொந்தக்காரர் மூன்று வருடம் கழித்து வந்து "நம்ம வண்டியில ஐசோஃபிக்ஸ் இல்லீங்களே" என்றபோது பிளேடால் கீறிக் காட்டினேன், உள்ளே புத்தம்புதிதாக இருந்தது.

கம்பி நிஜமாகவே இல்லை என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை. மூன்று முனை சீட் பெல்ட்டால் கட்டும் சீட்டுகளும் அதே மோதல் சோதனையில் தேறியவைதான். ஐசோஃபிக்ஸின் பெரிய நன்மை, தப்பாகப் பொருத்துவது கஷ்டம். "டக்" என்று மாட்டும், பச்சை தெரியும், முடிந்தது. பெல்ட்டில் கட்டுவதற்குக் கையும் பொறுமையும் வேண்டும். சரியாகக் கட்டிய பெல்ட் சீட்டையும் கட்டத் தெரியாத பெல்ட் சீட்டையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. வண்டியில் ஐசோஃபிக்ஸ் இருந்து, தரையில் ஊன்றும் கால் வைத்த சீட் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊரில் எல்லாரும் கார் தரையில் போடுகிற 7டி மேட் மெத்தை மாதிரி அமுங்கும். அந்தக் கால் கெட்டியான தரையில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் மேட்டை வெட்டிவிடுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். வெட்ட மனசு வராது, தெரியும்.

எந்த பிராண்டு என்று கேட்டிருந்தீர்கள். பிராண்டைவிட முதலில் சீட்டின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற ஸ்டிக்கரைத் தேடுங்கள். அதில் வட்டத்துக்குள் ஆங்கில இ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஆர்44/04 அல்லது ஆர்129 என்ற எண்ணும், எத்தனை கிலோ அல்லது எத்தனை சென்டிமீட்டர் வரை என்பதும் அச்சாகியிருக்கும். நம் நாட்டுத் தரத்துக்கு ஏஐஎஸ்-072 என்று பெயர், ஆர்44-ஐ ஒட்டி எழுதப்பட்டது. இங்கே கடையில் வாங்கும்போது இந்த ஸ்டிக்கர் இல்லாத எதுவும் கார் சீட் இல்லை. ஆன்லைனில் "கார் சீட்" என்று தேடினால் மெத்தையில் நான்கு நாடா தைத்து எண்ணூறு, ஆயிரம் ரூபாய்க்கு ஒன்று வரும். பெரியவர்கள் சீட்டின் பின்னால் கட்டிக் குழந்தையை உட்கார வைக்கிற மாதிரிப் படம் போட்டிருப்பார்கள். அது வீட்டு நாற்காலியில் சோறு ஊட்டக்கூட உதவுமோ என்னவோ, காரில் வேண்டாம். புதுச் சீட்டுகளில் ஆர்129 கிடைத்தால் நல்லது, அதில் பக்கவாட்டு மோதலுக்கும் சோதனை உண்டு. கிடைக்காவிட்டால் ஆர்44/04 சீட் ஒன்றும் குப்பை இல்லை. ஐரோப்பாவிலேயே 2024 செப்டம்பர் வரை அது விற்பனையில் இருந்தது.

உங்கள் குழந்தையின் எடைக்கு 0 முதல் 18 கிலோ வரை போகிற, இரண்டு பக்கமும் திருப்பி வைக்கக்கூடிய வகை பொருந்தும். கைப்பிடி வைத்த தொட்டில் மாதிரி வரும் 13 கிலோ சீட் இப்போது வாங்கினால் ஒரு வருடம்கூட ஓடாது. பிறந்தது முதல் பன்னிரண்டு வயது வரை ஒரே சீட் என்று விற்பதும் வருகிறது. எனக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. எல்லா வயதுக்கும் சுமாராகப் பொருந்துவது எந்த வயதுக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. சின்ன காரில் அதன் உடம்பே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். 360 டிகிரி சுழலும் சீட் பெரும்பாலும் ஐசோஃபிக்ஸ் இருந்தால்தான் நடக்கும்.

அப்புறம், இதை எல்லாரும் மறக்கிறார்கள்: வாங்குவதற்கு முன் அதே சீட்டை உங்கள் காரில் வைத்துப் பாருங்கள். பின்னால் பார்த்து வைக்கும் சீட்டுக்கு பெல்ட் அதிக நீளம் வேண்டும், சீட்டின் வெளிக்கூட்டைச் சுற்றி ஒரு வளையம் போட்டு வரவேண்டியிருக்கும். சில பழைய ஹேட்ச்பேக்கில் பெல்ட் முழுக்க இழுத்தாலும் பக்கிளுக்கு நான்கு விரல் முன்னாலேயே நின்றுவிடும். அந்த நான்கு விரலுக்காக எக்ஸ்டென்ஷன் வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள். வேறு மாடல் பாருங்கள். முன்சீட்டு எவ்வளவு முன்னால் நகர வேண்டியிருக்கிறது, அதில் உட்காருகிறவர் முட்டி டேஷ்போர்டில் இடிக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். கடைக்காரர் வெளியே கொண்டுவந்து வைத்துப் பார்க்க விடமாட்டேன் என்றால் அடுத்த கடை. ஆன்லைன் என்றால் திருப்பி அனுப்ப முடிகிற இடத்தில் வாங்கி, அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருங்கள்.

சரி, கட்டுவது. போன ஆடியில் ஒரு குடும்பம் வந்தது, புதுச் சீட், நல்ல விலை, வாங்கிய இடத்திலேயே பொருத்திக் கொடுத்திருந்தார்கள். கதவைத் திறந்து சீட்டின் அடிப்பாகத்தைப் பிடித்து ஆட்டினேன், ஒரு ஜாண் இந்தப் பக்கம், ஒரு ஜாண் அந்தப் பக்கம். குழந்தை நான்கு மாதமாக அதில்தான் போய்க்கொண்டிருந்தது. கழற்றினால் மூன்று தப்பு. முன்னால் பார்க்கும்போது போட வேண்டிய சிவப்புக் குறி வழியாகப் பெல்ட்டை விட்டிருந்தார்கள். பின்னால் பார்க்க வைத்தால் நீலக் குறி வழியாகத்தான் போக வேண்டும், சீட்டின் பக்கவாட்டிலேயே நீலமும் சிவப்பும் அடையாளம் போட்டிருப்பார்கள். இரண்டாவது, பஞ்சு வைத்துத் தைத்த வழவழ சீட் கவர், அதன் மேல் சீட் வழுக்கியது. மூன்றாவது, பெல்ட்டை மாட்டினார்களே ஒழிய இறுக்கவில்லை. நம் காரில் வரும் பெல்ட் திடீரென்று இழுத்தால்தான் பிடித்துக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். அதனால் சீட்டில் இருக்கும் பூட்டுக் கிளிப்புக்குள் பெல்ட்டைச் செலுத்தி மூடினால்தான் இறுக்கம் நிற்கும்.

நான் கட்டும் முறை இது. பின்சீட்டு கவர் பஞ்சுக் கவராக இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் கழற்றிவிடுவேன். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், சீட்டின் பக்கத்தில் சாய்வு காட்டும் கோடோ குமிழியோ இருக்கும், அது சரியாக இருக்கிறதா பார்ப்பேன். நீலக் குறி வழியாகப் பெல்ட்டை முறுக்கு விழாமல் விட்டு பக்கிளில் மாட்டிய பிறகு, ஒரு முட்டியைச் சீட்டுக்குள் வைத்து உடம்புப் பாரத்தை முழுக்க இறக்குவேன். பாரம் இறங்கியிருக்கும்போதே முதலில் இடுப்புப் பட்டையை, அப்புறம் தோள் பட்டையை மேல்நோக்கி இழுத்து, பூட்டுக் கிளிப்பை மூடுவேன். நெற்றியில் வேர்வை வரவில்லை என்றால் சரியாகக் கட்டவில்லை என்று என் பையன்களிடம் சொல்வதுண்டு. பிறகு சோதனை: பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் பின்னால் பார்க்கிற சீட் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இன்னொன்று, காரின் பக்கிள் தண்டு நீளமாக இருந்து, பக்கிள் சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் மடங்கி உட்கார்ந்தால் அந்தச் சீட் அந்த இடத்துக்கு ஆகாது. இடம் மாற்றிப் பாருங்கள், இல்லை மாடல் மாற்றுங்கள். இதை நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடுங்கள். முதல் நூறு கிலோமீட்டரில் மெத்தை அமுங்கி பெல்ட் கொஞ்சம் தளரும்.

குழந்தையை உட்கார வைத்த பிறகு தோள் வார் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பின்னால் பார்த்து உட்காரும்போது தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னால் பார்க்கும் காலம் வரும்போது இது தலைகீழ், தோளுக்கு நேராகவோ சற்று மேலிருந்தோ. இறுக்கிய பின் காரை எலும்புக்கு மேல் வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும், விரல் வழுக்கினால் போதும். இறுக்கினால் மூச்சு முட்டுமே என்று தாத்தா பாட்டிகள் பதறுவார்கள். தூளியில் துணி எப்படி உடம்போடு ஒட்டிப் பிடிக்கிறதோ அந்த அளவுதான். கல்யாணத்துக்குப் போகும்போது பட்டுப்பாவாடையை ஊர் போய்ச் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம். ஊட்டி, கொடைக்கானல் என்றால் தடி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வாரைப் பூட்டி, மேலே போர்வையாகப் போர்த்துங்கள். ஸ்வெட்டரோடு இறுக்கினால் மோதலில் கம்பளி அமுங்கி வார் தளர்ந்துவிடும். முதுகுக்குப் பின்னால் மடித்த துண்டு, தனியாக வாங்கிய கழுத்துத் தலையணை, எதுவும் வேண்டாம். சீட்டோடு வந்தது மட்டும். இடுப்பில் கனமான வெள்ளிக் கொடி இருந்தால் வார் அதன் மேல் அழுத்தும், பயணத்துக்கு மட்டும் கழற்றிப் பாருங்கள். அழுகை நின்ற வீடுகள் உண்டு.

இடம்: பின்சீட்டில் இடது பக்கம், நம் பாஷையில் கிளீனர் பக்கம். கதவு திறந்தால் சாலையோரம், ஓட்டுகிறவர் சீட்டுக்கு முழு இடம் கிடைக்கும். நடுவில் வைப்பது பக்கவாட்டு மோதலுக்கு நல்லதுதான். ஆனால் உங்கள் வண்டி மாதிரியான பழைய ஹேட்ச்பேக்கில் நடுவில் பெரும்பாலும் இடுப்புப் பட்டை மட்டும்தான் இருக்கும், இந்த வகைச் சீட்டுக்கு அது போதாது. முன்சீட்டில் ஏர்பேக் இருந்தால் பின்னால் பார்க்கும் சீட்டை அங்கே வைக்கவே கூடாது. பை வெடித்து விரிவது குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஓட்டின் மேல். சன் வைசரில் குழந்தைப் படத்தில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அதற்குத்தான். சுமோ, பழைய பொலிரோ மாதிரி வண்டிகளில் கடைசியில் எதிரெதிராகப் பார்த்து இருக்கும் பக்கவாட்டு பெஞ்சிலும் குழந்தை சீட் கூடாது. மாமியார் ஓட்டுகிறவருக்குப் பின்னால், குழந்தைக்குப் பக்கத்தில் உட்காரட்டும், பெல்ட்டோடு. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்துக்குப் பிறகு பின்சீட் பெல்ட் பற்றிக் கொஞ்ச நாள் எல்லாரும் பேசினார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். பெல்ட் போடாத பெரியவர் மோதலில் பக்கத்திலிருக்கும் குழந்தை மேல்தான் போய் விழுவார். கிள்ளிப் பார்க்கும் சோதனையை மாமியார் பொறுப்பில் விட்டுவிடுங்கள். பொறுப்பு கொடுத்தால் எதிர்ப்பு பாதி குறையும், என் அம்மாவிடம் செய்து பார்த்தது.

அழுவாள். பதினோரு மாதம் மடியில் போய்ப் பழகியவள், முதல் இரண்டு வாரம் அழத்தான் செய்வாள். முதல் பயணமே திருநெல்வேலி என்று வைக்காதீர்கள். சீட்டை வீட்டுக் கூடத்தில் நாலைந்து நாள் போட்டு அதில் உட்கார்த்தி விளையாட்டுக் காட்டுங்கள், அப்புறம் கடைத்தெரு வரை, அப்புறம் பொள்ளாச்சி வரை. ஊருக்குக் கிளம்பினால் ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். ஒட்டன்சத்திரம், திருமங்கலம், கோவில்பட்டி என்று மூன்று நிறுத்தம் கணக்கு வைத்தால் போதும். பால் கொடுப்பதும் துணி மாற்றுவதும் வண்டி நின்ற பிறகுதான். "ஒரு நிமிஷம், எடுத்துட்டுத் திரும்ப உட்கார வைக்கிறேன்" என்று ஓடுகிற வண்டியில் வாரைக் கழற்றக் கூடாது. தூங்கிவிட்டால் தாடை நெஞ்சில் இடிக்கிறதா என்று பாருங்கள், இடித்தால் சாய்வு போதவில்லை. ஊர் வந்ததும் சீட்டோடு தூக்கி வீட்டுக்குள் வைத்துத் தூங்க விடாதீர்கள், எடுத்துப் படுக்கையில் போடுங்கள். குறைமாதத்தில் பிறந்தவள், மூச்சுத் தொந்தரவு உள்ளவள் என்றால் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று குழந்தை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், அதில் நான் வாய் திறக்க மாட்டேன். நம் வெயிலில் நிறுத்திய வண்டியில் பக்கிளின் இரும்பு தோசைக்கல் ஆகிவிடும். நிறுத்தும்போது மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள். உட்கார வைக்கும் முன் புறங்கையால் பக்கிளைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம்தானே என்று குழந்தையை வண்டியில் விட்டுவிட்டு இறங்கவே இறங்காதீர்கள், ஏசி ஓடினாலும் சரி.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாமனார் கேட்பார். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 194பி பிரிவின்படி, பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தைக் காப்பு அமைப்போ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். இதற்காகச் சலான் போட்டதை இத்தனை வருடத்தில் நான் ஒருமுறையும் பார்த்ததில்லை.

கடைசியாக துபாய்ச் சீட். பழையது என்பதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அங்கே ஐரோப்பியச் சீட்டும் கிடைக்கும், அமெரிக்கச் சீட்டும் கிடைக்கும். நெஞ்சுக்கு நடுவில் இரண்டு வாரையும் சேர்க்கும் பிளாஸ்டிக் கிளிப் இருந்து, ஸ்டிக்கரில் எஃப்எம்விஎஸ்எஸ் 213 என்று இருந்தால் அது அமெரிக்கத் தயாரிப்பு. சீட் நல்லதுதான். ஆனால் அந்த ஊர்க் கார்களில் பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும், அதை நம்பி வடிவமைத்தது. நம் வண்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது. சீட்டிலேயே பூட்டுக் கிளிப் இருந்தால் மட்டும் எடுங்கள். அடுத்து, சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப் பிளாஸ்டிக்கில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் அச்சாகியிருக்கும், அம்புக்குறி மாதத்தைக் காட்டும், நடுவில் வருடம். எத்தனை வருடம் உழைக்கும் என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார், பொதுவாக ஆறு முதல் பத்து வருடம். வளைகுடா வெயிலில் நின்ற காரில் இருந்த பிளாஸ்டிக் என்பதால் அந்தக் கடைசி இரண்டு வருடத்தை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். மூன்றாவது, விபத்து. ஒருமுறை நன்றாக அடி வாங்கிய சீட்டில் வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம், அது திரும்பப் பயன்படாது. இதை வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், போனில் கேளுங்கள்: "அண்ணி, அந்தச் சீட் இருக்கும்போது வண்டி எங்கேயாவது இடிச்சுதா?" சட்டென்று இல்லை என்று வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "இரு, அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றால் புதுசு வாங்கிவிடுங்கள்.